காயில் வாடை பிடிக்கும் என்றேன்

போடியில் நாற்பது ஆண்டுகள் ஏலக்காய் வியாபாரம் செய்தேன். முதுகலை வரை படித்தவன். என் மனைவிக்கு நான் செய்ததை அறியாமை என்று சொல்லித் தப்ப முடியாது.

ஏலக்காய் எந்த வாடையையும் வாங்கிக்கொள்ளும். தரம் பிரிக்க வரும் பெண்கள் தலையில் பூ வைத்து வரக்கூடாது என்பது எங்கள் சரக்குக் கிட்டங்கியின் சட்டம். அவர்களோடு என் மனைவியும் உட்காருவாள். ஏழு மில்லிமீட்டர் காயையும் எட்டு மில்லிமீட்டர் காயையும் சல்லடை இல்லாமல் கண்ணாலேயே பிரிப்பாள்.

எங்கள் மகள் பிறக்கும்போதே பெரிய குழந்தை. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அதன்பின் இருமினாலும் தட்டைத் தூக்கினாலும் என் மனைவிக்குச் சிறுநீர் கசிந்தது. ஒருநாள் ஆறு பெண்களின் காதுபட அவளிடம், "இனிமே நீ இங்க வராத. காய்ல வாடை பிடிச்சிரும்" என்றேன். மடியிலிருந்த காயைத் தட்டில் கொட்டிவிட்டு எழுந்து போனாள். பிறகு கல்யாண வீடுகளுக்கும் போகவில்லை. சிலமலையில் இருக்கும் தங்கையைப் பார்க்கக்கூட பஸ் ஏறவில்லை. இருபத்தெட்டு வருடம் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

போன வருடம் மகள் கர்ப்பமானாள். சர்க்கரை இருந்ததால் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். நாங்களும் கூடப் போனோம். மகளிர் துறை என்றால் பிரசவம் பார்க்கும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே கதவுக்குக் கதவு ஒரு பலகை. சிக்கலான கர்ப்பம், குழந்தையின்மை, கருப்பைப் புற்றுநோய். கடைசிக் கதவில், 'சிறுநீர்க் கசிவு, கர்ப்பப்பை இறக்கம்'. அதை வாசித்தேன்; வாசிக்காதவன்போல நடந்தேன்.

மகளைப் பரிசோதித்த டாக்டரம்மா என் மனைவியிடம் கேட்டார்: "இவங்க பொறந்தப்ப ஆயுதம் போட்டாங்களா? அதுக்கப்புறம் உங்களுக்கு எதுவும் தொந்தரவு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

"அப்பா, கேட்டது உங்களையில்ல" என்றாள் மகள். அம்மாவின் கையைப் பிடித்து அந்தக் கடைசிக் கதவுக்குக் கூட்டிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

வரிசையில் குரங்கணி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் இருந்தாள். என் மனைவி தலைகுனிந்து உட்கார்ந்ததைப் பார்த்து, "என்னக்கா, நீ ஒத்தாளுன்னு நெனச்சியாக்கும்? இங்கன ஒக்காந்திருக்க அம்புட்டுப் பேருக்கும் அதே சீக்குதான். சிரிக்க மட்டும் வச்சிராத, பெஞ்சு நனைஞ்சிரும்" என்றாள். வரிசையே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

உள்ளே இன்னொரு டாக்டரம்மா, "எத்தன வருசமா இருக்கு?" என்றார்.

மனைவி மகளைக் காட்டினாள். "இவ வயசும்மா."

"இதுக்குன்னே நாங்க இருக்கோமே. ஏம்மா இத்தன நாளா வரல?"

"வாய்க்கலம்மா" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

முதலில் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஒரு சிறிய அறுவை சிகிச்சை. கசிவு நின்றது. மகளுக்கும் நல்லபடியாகப் பிறந்தது. என் மனைவி சிலமலைக்குத் தனியாகவே பஸ்ஸில் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்த அன்று சாப்பாட்டின் முன், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? கேட்டுக்கிட்டிருந்தவுககிட்டச் சொல்லுங்க."

அந்த ஆறு பேரில் மூவர்தான் உயிரோடு இருக்கிறார்கள். ராசிங்காபுரத்தில் இருப்பவளைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு மறந்தே போச்சுண்ணே. அக்காவுக்கு மறந்திருக்காது."

மற்ற இருவர் வீட்டுக்கு இன்னும் போகவில்லை.