வதனியின் விரலும் நாற்பத்தொரு விண்ணப்பமும்

வதனிக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது அவளுடைய விசைப்பலகைதான். பக்கத்து மேசைக்காரர்கள் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். தன்னாமுனையிலிருந்து தினமும் பஸ் பிடித்து மட்டக்களப்புக்கு வந்து, பெயர் சொல்ல வேண்டாத ஒரு கந்தோரில், கடிதப் பிரிவில், பதினொரு வருடமாக வேலை பார்க்கிறாள். மூன்று மேலதிகாரிகளோடு சண்டை போட்டவள். மூன்று முறையும் நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது. அதை அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

விசைகளை அவள் படித்ததும் ஒரு கோபத்தில்தான். வேலைக்குச் சேர்ந்த வாரம் அவளுக்குக் கொடுத்த கொம்பியூட்டரில் மவுஸ் இல்லை. களஞ்சியத்தில் கேட்டால் படிவம் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பிக் கொடுத்தால் மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மூன்றாவது ஆள் இடமாற்றத்தில் போய்விட்டிருந்தார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. "உங்கட மவுஸ நீங்களே வெச்சிக்கொள்ளுங்க" என்று களஞ்சியக்காரரிடம் சொல்லிவிட்டு வந்து, மவுஸைத் தொடாமல் மெயில் பார்க்கும் வித்தையைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்தாள். கடைசியில் மவுஸ் வந்தபோது பெட்டியைத் திறக்காமலே லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள்.

ஜேயை அடித்தால் பட்டியலில் ஒரு கடிதம் கீழே, கேயை அடித்தால் மேலே. எக்ஸ் அடித்தால் கடிதம் தெரிவாகும், ஈ அடித்தால் பட்டியலை விட்டுக் கிடங்குக்குப் போகும். சாய்கோட்டை அடித்தால் தேடும் பெட்டிக்குள் போய் நிற்கலாம். அனுப்பியவர் பெயரையோ திகதியையோ கொடுத்தால் வேண்டியது மட்டும் வடிந்து வந்து நிற்கும். எம் என்றும் ஒரு விசை உண்டு. ஒரு கடிதத் தொடரில் அதை அடித்துவிட்டால் அந்தத் தொடரில் பிறகு எது வந்தாலும் பட்டியலில் தலைகாட்டாது. யாராவது ஓய்வுபெறும்போது மாவட்டம் முழுக்க ஆளாளுக்கு "வாழ்த்துகள்" என்று பதில் போடுவார்கள். அந்த நாட்களில் எம் இல்லாவிட்டால் வதனி யாரையாவது அடித்திருப்பாள்.

மேலதிகாரி உதயரூபனுக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டாம். அவருக்கு மெயில் என்றால் பிரிண்ட். அச்சாகிக் கோப்பில் ஏறாதது அவரைப் பொறுத்தவரை வரவே இல்லை. ஆகவே காலைத் தேநீருக்கு முன் வதனி இருநூறு மெயிலை ஜே, ஜே, ஈ என்று தட்டித் தள்ளி, தேவையானதை மட்டும் அச்செடுத்துக் கோப்பில் போட்டுவிடுவாள். தன் வேகத்தில் அவளுக்கு நல்ல பெருமையும் இருந்தது.

மாரி வெள்ளம் கதிரவெளிப் பக்கத்து வலைகளை அள்ளிக்கொண்டு போனபோது, தாங்களே மீன் பிடிக்கும் பெண்களுக்கு வலை கொடுக்கக் கொழும்பில் ஒரு நிறுவனம் முன்வந்தது. விண்ணப்பம் இந்தக் கந்தோருக்கு ஈமெயிலில் வர வேண்டும். பட்டியல் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கொழும்புக்குப் போக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மதியம், கதிரவெளி அன்னப்பூரணி மூன்றாவது முறையாக வதனியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும், புருஷன் இல்லை, தானே தோணி தள்ளி வலை போடுகிறவள்.

"மிஸ், இப்பவாவது என்ட பேர் வந்திரிக்கா?"

வதனி முந்திய இரண்டு முறையும் செய்தது போலவே கோப்பைப் புரட்டினாள். போன முறை, அனுப்பிய கடையில் கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தாள். "கதிரவெளியில இருந்து ஒரேயொரு விண்ணப்பந்தான் அக்கா. கண்ணகை எண்டவட. உங்கட வரல்ல."

"கண்ணகைக்குப் பின்னால வரிசையில நிண்டது நான். நாப்பத்தொரு பேரும் ஓட்டமாவடியில மர்சூக்கிட கொமினிகேசன் கடையிலதான் ஸ்கேன் பண்ணி அனுப்பக் குடுத்த. மூணு மாசமா மத்தவங்கட வலையில மீன் கழட்டிக் குடுத்துத்தான் சீவிக்கிறன் மிஸ். இதும் இல்லெண்டா நான் என்ன செய்யிற?"

வதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்னப்பூரணி மீது இல்லை, அந்தக் கடைக்காரன் மீது. நாற்பது பெண்களை ஏய்த்துவிட்டு ஒருவன் நிம்மதியாகக் கடை நடத்துகிறானா? அன்னப்பூரணியை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டு, நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.

"ஏழை எளியதுகள்ட பிழைப்பில கை வெச்சிட்டீங்களே, உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா?" என்று எடுத்த எடுப்பிலேயே பொரிந்தாள்.

மர்சூக் இடைமறித்தான். "மிஸ், வல்லாஹி, நாப்பத்தொண்டும் நான்தான் அனுப்பின. ஒவ்வொருக்காவும் உங்கட அட்ரஸ அடிக்கச் சுணங்குது எண்டு, முதல் அனுப்பின மெயிலத் திறந்து அதுக்கே பதில் போட்டுப் போட்டு, ஸ்கேன மட்டும் மாத்தி மாத்தி அனுப்பின. கடையில இரிக்கி, வந்து பாருங்க."

வதனியின் கை தானாகவே சாய்கோட்டுக்குப் போனது. கடையின் முகவரியை அடித்து, மாதத்தையும் கொடுத்தாள். பட்டியல் வடிந்து ஒரே ஒரு வரி நின்றது. அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக நாற்பத்தொன்று என்று இருந்தது. உள்ளே போய் அரைப்புள்ளி விசையை அடித்தாள். தொடர் முழுக்க விரிந்தது. கண்ணகை, அடுத்தது அன்னப்பூரணி, அதற்கடுத்தது இன்னொருத்தி என்று கதிரவெளியே வரிசையாக வந்தது. தொடரின் தலையில், அது பட்டியலிலிருந்து மறைக்கப்பட்ட தொடர் என்ற அடையாளம் கிடந்தது.

அந்தக் காலை அவளுக்கு ஞாபகம் வந்தது. கண்ணகையின் விண்ணப்பத்தை அச்செடுத்து முடிக்கவில்லை, அதே கடை, அதே தலைப்பு, மறுபடியும் பட்டியலின் உச்சிக்கு வந்தது. தள்ளினாள். மறுபடியும் வந்தது. நான்காம் தடவை அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. "இந்த மனிசனுக்கு விசரா? ஒரே கடிதத்த எத்தின தரம் அனுப்புவான்?" என்று திறந்தும் பாராமல் எம் விசையில் ஓங்கி ஒரு குத்து. அந்தக் கந்தோரில் எம் விசைக்கு என்ன வேலை என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். யார் தலையிலும் போட முடியாது. தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும் போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மணி இரண்டே முக்கால். நாற்பதையும் அச்செடுத்துக்கொண்டு உதயரூபனின் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "லிஸ்ட் கையெழுத்தாகிட்டு வதனி. கடைக்காரன்ட பிழையெண்டு சொல்லி அனுப்பி விடுங்க. அவன் என்ன, நம்மளோட வழக்குப் பேசவா போறான்?"

"பிழை அவன்ட இல்ல சேர். என்ட."

"ட்ரான்ஸ்பர் லிஸ்ட்ல உங்கட பேர் கிடக்கிறது தெரியுந்தானே? எழுத்தில ஒண்டும் தராதீங்க."

"எழுத்திலதான் சேர் தருவன்!"

அறைக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வதனி மேசைக்குப் போய் நான்கே வரி அடித்தாள். இந்த நாற்பது விண்ணப்பங்களும் உரிய திகதிக்குள் கிடைத்தன. திறந்து பாராமல் அவற்றை மறைத்தது நான். விண்ணப்பித்தவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அடியில் தன் முழுப் பெயர். உதயரூபன் அதை இரண்டு தரம் வாசித்தார். பழியை ஏற்க ஆள் கிடைத்த பிறகு அவருக்குப் பேனை கனக்கவில்லை. புதுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்று ஐம்பதுக்கு அது கொழும்புக்குப் போனது. நான்கு மணிக்கு முன்பே, கிடைத்ததாகப் பதிலும் வந்தது.

வெளியே அன்னப்பூரணி அதே வாங்கில் இருந்தாள். வதனி பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்ட பேர் போயிற்றா?"

"போயிற்று அக்கா. நாப்பத்தொரு பேரும்."

"மறைச்சது நீங்கதானா?"

"ஓம்."

அன்னப்பூரணி அவள் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்லவில்லை. சொல்லவும் காரணம் இல்லை. பேசியபோது குரல் ஏறவில்லை, ஆனால் மிஸ் என்ற சொல் மட்டும் போய்விட்டிருந்தது.

"போன முற வந்தக்க, கடையில கேளுங்க எண்டு நீதானே சொன்ன? உன்ட சொல்லக் கேட்டு அந்த மர்சூக்கச் சந்தியில வெச்சுக் கள்ளன் எண்டு ஏசிப்போட்டன் புள்ள. அவன்ட பெண்டாட்டியும் கேட்டுக்கிட்டு நிண்டவ. ஏன், அண்டைக்கே அதுக்குள்ள தேடிப் பாத்திரிக்கலாந்தானே? தேட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

வதனியால் பொய் சொல்ல முடியவில்லை. "அஞ்சு செக்கன் அக்கா."

"எனக்கு ஊரில இருந்து இங்க வந்து சேர மூணு மணித்தியாலம். மூணு தரம் வந்திட்டன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்குச் சனிக்கிழம, உனக்கு லீவு. காலம்பற ஓட்டமாவடிக்கு வா. நான் ஏசின அதே இடத்தில நிண்டு, ஆக்களுக்குக் கேக்கிற மாதிரி நீ சொல்லோணும்."

"வாறன் அக்கா" என்றாள் வதனி.