பூமிக்குக் கொடுத்த தகடு

நல்லூரில் எங்கள் வீதியில் சாரதாமணிக்கு ‘செக்கிங் அக்கா’ என்றுதான் பெயர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். பால்காரர் முதல் கோயில் பூசாரி வரை எல்லோரையும் உள்பக்கம் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பார். பக்கத்து வீட்டு ஓரகத்தி ஜெயபாரதி என்றால் இரண்டு தடவை பார்ப்பார்.

புருஷன் போன பிறகு அவருக்கு இருப்பது மகன் குகன் ஒருவன்தான். அவன் முன்னறையில் ஓவர்லாக் தையல் மெஷின்கள் போட்டுச் சொந்தத் தொழில் தொடங்கினான். அதற்காக வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் இழுக்க வேண்டியிருந்தது. எலெக்ட்ரீஷியன் லிங்கசாமியை அனுப்பி வைத்தது ஜெயபாரதி. அது போதாதா சந்தேகத்துக்கு?

லிங்கசாமி வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத ஆள். கொல்லை மூலையில் ஆழமாகக் குழி தோண்டி, கரியைக் கொட்டினார், உப்பைக் கொட்டினார், நடுவில் கம்பி கட்டிய ஒரு செப்புத் தகட்டை இறக்கி மண்ணை மூடினார்.

“ஏனுங்க, இதெல்லாம் என்னத்துக்குங்க?” என்று அக்கா கேட்டார்.

“எர்த்துக்குங்க. பூமிக்குக் குடுக்கோணுமுங்க அக்கா.”

எதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்குள் போன் வந்து அவர் எழுந்து போய்விட்டார்.

குழி, கரி, உப்பு, தகடு. அனுப்பியவள் ஓரகத்தி. செய்வினைதான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிரிப்பான் என்று கேட்கவில்லை. நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

குகன் தைக்க வேண்டிய கட்டிங் பீஸ் எடுக்கப் போன நேரம் பார்த்து, அக்கா குழியைத் தோண்டி, கம்பியை வெட்டித் தகட்டைப் பிடுங்கினார். இரண்டு பக்கமும் செக்கிங் பார்த்தார். ஓர் எழுத்துகூட இல்லை. எழுதாத தகடுதான் ரொம்பப் பொல்லாதது என்று அவராகவே சொல்லிக்கொண்டு, வைத்தவளுக்கே திரும்பட்டும் என மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார். குழியை மூடி மண்ணை மிதித்துவிட்டார்.

மறுநாள் பூஜை போட்டு மெஷினை ஓட்டினார்கள். மோட்டாரில் எங்கோ கரண்ட் கசிந்திருக்கிறது. மெஷின் மேல் கை வைத்த குகனால் கையை எடுக்க முடியவில்லை, சத்தம் போடவும் முடியவில்லை.

“ஐயோ, செஞ்சுட்டாளே! எம்பையனக் கொன்னுட்டாளே!” என்று அக்கா அலறினார். அதைக் கேட்டு ஓடிவந்த ஜெயபாரதிதான் மெயினை ஆஃப் செய்தாள். குகன் கீழே விழுந்தான். நல்லவேளை, மூச்சு இருந்தது.

லிங்கசாமி வந்து குழியைத் தோண்டிப் பார்த்துத் திகைத்தார். “தகடு எங்கீங்க? அது இருந்திருந்தா கரண்ட் பூமிக்குள்ள போயிருக்குமுங்களே!”

ஜெயபாரதியின் முகம் மாறியது. வீட்டுக்குப் போய் மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தாள். அதே தகடு, மேலெல்லாம் திருநீறு.

“நேத்து எங்க வாழை மரத்தடியில கெடந்துதுங்க அக்கா. எனக்கு ஆரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு பயந்து, முருகன் படத்துக்குக் கீழ வச்சிருந்தனுங்க. உங்க மேலகூடச் சந்தேகப்பட்டுட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க.”

அக்கா அதைக் கையில் வாங்கவில்லை. நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்த மகனையே பார்த்தார்.

“செய்வினை வச்சது நாந்தான் கண்ணு,” என்றார். “எம்பையனுக்கு வச்சேன்.”