எட்டு வருடம் பிந்தி வந்த ஊசி

கட்டைவிரல் அளவு கண்ணாடிப் புட்டி. ரப்பர் மூடி, அதன் மேல் மெல்லிய தகரத் தகடு, உள்ளே அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். 1957-இல் எங்கள் மிஷன் மருந்தகத்துக்கு அந்தப் புட்டிகள் முதன்முதலாக வந்த காலையில், பெட்டியைப் பிரித்த கன்னியர் மடத்து மதர் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "சயரோகத்துக்கு இனிமே இதுதாம்மா. படுத்துக் கெடக்க வேண்டியதில்ல, வீட்டுலேருந்தே வந்து போட்டுக்கலாம்" என்றார். நர்ஸாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

என் கணவர் அந்த நோயில்தான் 1949-இல் இறந்தார். ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இருமல் தொடங்கியபோது, சாக்பீஸ் தூசி என்று சொல்லிச் சிரித்தார். கைக்குட்டையில் ரத்தம் கண்ட பிறகு சிரிப்பு நின்றது. புதுக்கோட்டையில் பார்த்த டாக்டர் முட்டை, ஆட்டுப்பால், மீனெண்ணெய், நல்ல காற்று என்று எழுதிக்கொடுத்தார். பிறகு வாசல்வரை வந்து என்னிடம் மட்டும், "சீமையில ஒரு ஊசி கண்டுபிடிச்சிருக்காங்கம்மா. நம்ம கைக்கு வர நாளாகும்" என்றார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். மருந்தே இல்லை என்றால் விதி என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். எங்கோ இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று தெரிந்த பிறகு எப்படி ஆற்றுவது? கடலைக் கொல்லை ஓரத்தில் கொட்டகை போட்டு, தனித் தட்டு, தனிக் குவளை கொடுத்து அவரைப் படுக்க வைத்தோம். பதினோரு மாதம் கிடந்தார். அவர் போன பிறகு சிஸ்டர்கள் என்னைத் திருச்சிக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்கள். படித்துத் திரும்பி இந்த மருந்தகத்திலேயே சேர்ந்தேன்.

புட்டிகள் வந்த இரண்டாம் மாதம், என் ஓரகத்தி தன் புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் கணவரின் தம்பி. அதே இருமல், அதே மாதிரி சட்டைக்குள் துருத்திய தோள் எலும்பு. அண்ணன் சவப்பெட்டியின் தலைமாட்டைச் சுமந்து போனவர் அவர். எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு. ஆனாலும் ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஊசி வந்துருச்சாமே, பொழச்சுக்குவாருல்ல?" என்று கேட்டபோது, என்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் அதே கேள்வியை நான் கேட்டபோது, யாரும் தலையாட்டவில்லை.

தினமும் காலையில் மூன்று மைல் நடந்து வருவார்கள். நான் சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, தூளில் தண்ணீர் ஏற்றிக் குலுக்கி, இடுப்பில் போடுவேன். மூன்றாவது வாரம் காய்ச்சல் விட்டது. கன்னத்தில் சதை தெரிந்தது. ஒரு நாள் நடையேறும்போதே, "அண்ணி, நேத்து ரெண்டு வட்டில் சோறு தின்னேன், இவ பயந்துட்டா" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணனின் சிரிப்பு அப்படியே. ஓரகத்தி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"இன்னைக்கு மருந்து தீந்துபோச்சு. நாளைக்கு வாங்க" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஒன்பது புட்டிகள் இருந்தன.

அவர்கள் திரும்பி நடந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். கூப்பிடு தூரம் போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. நிழலில்லாத செம்மண் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். ஓரகத்தி சூரியனுக்கும் அவருக்கும் நடுவில் நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்து அவருக்கு நிழல் பிடித்தாள். அவர் எழுந்திருக்கும்வரை அப்படியே நின்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். பையில் சிரிஞ்சும் புட்டியும். "இனிமே இங்கிட்டு நானே வாரேன். நீங்க நடக்க வேணாம்" என்றேன். ஊசிக் காலம் முடியும்வரை ஒரு நாளும் தவறவில்லை. பிறகு மாத்திரைகள். அடுத்த வருடம் புதுக்கோட்டையில் எடுத்த எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு ஓரகத்தி நேராக மருந்தகத்துக்கு ஓடி வந்தாள். படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, "பாருங்கக்கா, ஆறிருச்சாம்" என்றாள். எனக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியும். நன்றாகவே ஆறியிருந்தது. என் கணவர் நெஞ்சை யாரும் அப்படிப் படமெடுத்துப் பார்த்ததில்லை.

அப்போதுதான் சொன்னேன். "ஒரு நாள் மருந்து வச்சுக்கிட்டே இல்லேன்னு சொன்னேன். ஒங்க ரெண்டு பேரையும் பாத்து என்னால பொறுக்க முடியல."

அவள் படத்தைக் கீழே இறக்கினாள். முகம் வெளுத்துப்போயிற்று. அடிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

"ஒங்க எடத்துல நான் இருந்திருந்தா ஒரு நாளோட நிறுத்தியிருக்க மாட்டேன்க்கா" என்றாள். பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. எத்தனையோ பேருக்கு அந்த ஊசியைப் போட்டுவிட்டேன், பலர் பிழைத்தார்கள். பொறாமை அன்றோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் கொழுந்தன் பேரப்பிள்ளைகள் சூழ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒரு கணம் காலை எடுத்து வைக்க முடிவதில்லை. ஓரகத்திக்கு அது தெரியும். என்னை அவள் கூப்பிடுவதில்லை. பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தன் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு வைப்பாள்.