நான்காவது நிரலில் எழுதாமல் விட்டது: சாவகச்சேரியிலிருந்து ஒருநாள் வரலாற்றுச் சுற்று

எங்கள் ஊர்ப் பாடசாலையில் தரம் பத்துக்கு வரலாறு கற்பிப்பவர் ஜெயந்தி. பிள்ளைகளை ஒருநாள் குடாநாட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன், இடங்களைப் பார்த்து நேரம் குறித்து வர என்னைக் கூப்பிட்டார். முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் சான்றுப்பொருள் பதிவேடு எழுதியவள் நான். தூரத்தையும் நேரத்தையும் பிழைபட விடமாட்டேன் என்பது சாவகச்சேரியில் பலருக்குத் தெரியும். மாசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை புறப்பட்டோம். இப்படியொரு சுற்றுக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பாடசாலையில் பிள்ளைகள் வீடுகளிலிருந்து கொண்டுவந்த பழைய பொருட்களுக்கு ஓர் அறை உண்டு. போர்க்காலத்துக் குப்பி விளக்கு, பங்கீட்டு அட்டை, மண்ணெண்ணெய் அளந்த பேணி. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிரல்கள் கொண்ட தாள் ஒன்றை நான்தான் வரைந்து கொடுத்தேன். பொருளின் பெயர், எதனால் செய்தது, என்ன பயன், உங்களிடம் எப்படி வந்தது. நான்காவது நிரலில் “கடையில் வாங்கியது” என்று மட்டும் எழுதிய பிள்ளைகளின் தாள்களை, எந்தக் கடை, எந்த ஆண்டு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.

நான் கொடுத்த பொருள் ஒரு கைத் தையல் மெசின். என் தாளில் “யாழ்ப்பாணத்தில் வாங்கியது” என்று இருந்தது. எந்தக் கடை என்று ஜெயந்தி கேட்டபோது, பிறகு பார்ப்போம் என்றேன். எனக்குக் கடை தெரியும். 1990 இல் ஆயுதம் ஏந்திய இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றிய பிறகு, அவர்களுடைய வீடுகளிலிருந்து எடுத்த சாமான்களை விற்ற கடை அது. அடுத்த ஆண்டு என் கணவர் அங்கிருந்து அந்த மெசினைக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை பிள்ளைகள் அறைக்கு வருவதற்குள் தாளை நிரப்பித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

காலை 7.00 மணிக்கு வான் புறப்பட்டது. நாள் வாடகை, எரிபொருளுடன் 14,500 ரூபா. மீசாலையில் திரும்பி வண்ணாத்திப் பாலம் கடந்து புத்தூர் வழியாக நிலாவரைக் கிணறு, 16 கிலோமீற்றர். 7.40 க்கு அங்கே நின்றோம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கைப்பிடிச் சுவரை விட்டுப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். இருபத்தைந்து நிமிடம் போதும். சாரதி சிவாவுக்கு அந்த இருபத்தைந்தில் ஒரே சிரிப்பு.

“அம்மா, அஞ்சு நிமிசம் பிந்தினால் பிணை கிடைக்குமோ?”

கிடைக்காது என்றேன்.

அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாறு, 12 கிலோமீற்றர். பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் கடல்நீரேரி, மறுபக்கம் கடல். ஒரு காலத்தில் வள்ளங்கள் ஏற்றியிறக்கிய துறை இது என்பதைச் சொல்லிக் காட்ட வேறு எந்தப் படமும் தேவையில்லை. காற்று பலமாக இருக்கும், தாள்களைப் பலகையில் செருகிக் கொடுங்கள். சந்நிதி கோயில் மடத்தில் முன்கூட்டிச் சொன்னால் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கிடைக்கும். நாங்களும் மதியப் பூசை முடியும்வரை இருந்து அங்கேயே சாப்பிட்டு, 12.40 க்குப் புறப்பட்டோம்.

அங்கிருந்து யாழ்ப்பாணக் கோட்டை, 27 கிலோமீற்றர், 1.25 க்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களிடம் கட்டணம் கேட்கவில்லை. உள்ளே நிழல் இல்லை, தண்ணீர் கொண்டு போங்கள். போர்த்துக்கேயர் கட்டியது எது, ஒல்லாந்தர் இடித்துக் கட்டியது எது என்று குறித்துக்கொண்டிருந்தபோது ஜெயந்தி என் நேர அட்டவணையை விரித்தார்.

“அன்ரி, நான் சோனகதெருவையும் போட்டுத் தந்தனான். நீங்கள் வெட்டிப் போட்டியள்.”

“நேரம் காணாது, பிள்ளை.”

“கோட்டைக்கு மட்டும் ஒண்டரை மணித்தியாலம் காணுது.”

அவர் குரலை உயர்த்தவில்லை. முஸ்லிம் மக்கள் வாழ்ந்த அந்தப் பகுதியில் பரீதா என்ற பெண்ணிடம் வருவதாக ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். மறுக்க எனக்குக் காரணம் இருந்தது. சொல்லக்கூடிய காரணம் இருக்கவில்லை.

2 கிலோமீற்றர். 2.50 க்கு இறங்கினோம். திருத்திய வீடுகளுக்கு நடுவே கூரையில்லாத சுவர்கள், சுவருக்குள் வளர்ந்த மரங்கள். பரீதாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். புத்தளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர். வீட்டின் முன்பாதிக்குத் தகரம் போட்டிருக்கிறார். பின்பாதியில் கதவு நிலைகளைத் தோண்டி எடுத்த பள்ளங்கள் சுவரில் அப்படியே இருக்கின்றன. தேநீர் தந்துவிட்டு, எந்த எந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு பையோடு போகச் சொன்னதையும், சந்தியில் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கியதையும், சந்தைக்குப் போய்வந்த கதைபோலவே சொன்னார். பிறகு யன்னல் ஓரத்தைக் காட்டினார்.

“இதிலைதான் என்ரை மெசின். அண்டைக்குக் காலமைதான் எண்ணெய் விட்டனான். தைச்ச பாவாடை பாதியிலை ஊசிக்குக் கீழையே கிடந்தது.”

“என்ன நிறம்?” என்று கேட்டேன்.

“நீலம். பள்ளிக்கூடப் பிள்ளையொண்டின்ரை.”

எங்களிடம் வந்த மெசினின் நூற்கட்டையில் இருந்தது மண்ணிற நூல். அதை நானே கழற்றி எறிந்தேன். அவருடையது இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சு லேசானது. அந்த ஆறுதலைப் போல வெட்கங்கெட்ட ஒன்றை இந்த வயதுவரை நான் உணர்ந்ததில்லை.

ஏன் நிறம் கேட்டீர்கள் என்றார் பரீதா. சொன்னேன். எந்தக் கடை, எந்த ஆண்டு, யார் கொண்டுவந்தது, எல்லாம். விலை குறைவு என்று நான் மகிழ்ந்ததையும் சொன்னேன். பரீதா தேநீர்க் கோப்பைகளை ஒன்றாக அடுக்கினார்.

“எத்தினை வருசம் தைச்சனீங்கள், அக்கா?”

“இருபத்திரண்டு.”

“நல்லா ஓடிச்சுதோ?”

“ஓம்.”

“அப்ப ஆரோ நல்லாப் பாத்து வைச்சிருந்த மெசின்” என்றார்.

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. சொன்னால் அவர் ஏதாவது பதில் சொல்ல வேண்டிவரும். அந்தச் சுமையையும் அவர் தலையில் வைக்க நான் விரும்பவில்லை. பரீதா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

“பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரேக்கை அதையும் கொண்டு வாங்கோ. வாசலிலை வைப்பம். திரும்பி வந்தது கொஞ்சப் பேர்தான். எண்டாலும் ஆராவது பாக்கட்டும்.”

4.15 க்குப் புறப்பட்டு, 18 கிலோமீற்றர் ஓடி, 4.55 க்குச் சாவகச்சேரி வந்தோம்.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். பாடசாலை அதிபரின் கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். தொண்டைமானாற்றை விட்டால் கோட்டைவரை கழிப்பறைக்கு நிறுத்த நல்ல இடம் இல்லை. கோட்டைக்கு நாற்பத்தைந்து நிமிடம் போதும். நான் ஒன்றரை மணித்தியாலம் போட்டது பிழை. மிச்சத்தைச் சோனகதெருவுக்குக் கொடுங்கள். அங்கே வெறுஞ் சுவர்களைக் கேட்காமல் படமெடுக்க விடாதீர்கள். அவற்றுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். யாராவது கதைக்க விரும்பினால் பிள்ளைகள் இருந்து கேட்கட்டும், தாள் நிரப்புவதை வீட்டில் செய்யலாம். பிள்ளைகள் போகும் பஸ்ஸில் முன் இருக்கை ஒன்றை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். மெசின் அதில் வரும். அடையாளம் காண யாரும் வராமலே போகலாம். வந்தால், கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவோம்.

மற்றொன்று. பிள்ளைகளிடம் தாளைக் கொடுக்கும் முன் உங்கள் வீட்டிலுள்ள பொருட்களுக்கு அதை நிரப்பிப் பாருங்கள். எங்கள் தலைமுறையின் நல்ல வீடுகள் பலவற்றில் நான்காவது நிரல் வெறுமையாகவே இருக்கும்.

திங்கட்கிழமை காலை பாடசாலை அறைக்குப் போய் என் தாளை எடுத்துத் திருத்தினேன். கடையையும் ஆண்டையும் எழுதினேன். வாங்கியவர்கள் என்று என் கணவரின் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். சான்றுப்பொருள் பதிவேட்டில் இருப்பதுபோல, கீழே ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட்டேன்.

“உரிமையாளர் பெயர்: தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.”