நிக்கல் தின்ற குச்சிக்கிழங்குத் தோல்

நான் பஜ்ஜி தின்பதைப் போலத்தான் குச்சிக்கிழங்குத் தோலும் நிக்கலைத் தின்னும் என்று நம்பியிருந்தேன். தின்றால் செரிக்கும், செரித்தால் கதை முடிந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், சொந்தமாக முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கும் ஒருவனின் அறிவு இது.

கம்பைநல்லூருக்குச் சற்று வெளியே என் பட்டறை. பைக் சைலன்ஸர், சர்ச்சிலிருந்து வரும் மெழுகுவர்த்தித் தண்டு எல்லாம் நிக்கல் தொட்டியில் முங்கிப் பளபளவென்று எழும். எழுந்ததைக் கழுவினால் தண்ணீர் பச்சையாகிவிடும். அதை எங்கே விடுவது என்பதே எனக்குப் பெரிய தலைவலி. தர்மபுரியில் கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் மச்சான், ஒரு நாள் சாப்பாட்டுக்கு வந்தவன், போகிற போக்கில் சொன்னான்: "குச்சிக்கிழங்குத் தோல நல்லா காயவெச்சி நொறுக்கி, டிரம்ல போட்டுத் தண்ணிய மெதுவா விடுங்க மாமா. நிக்கலத் தின்னுடும்."

தின்னுடும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளி என்கிற இந்தக் குச்சிக்கிழங்கை அரைக்கும் ஒரு ஜவ்வரிசி ஆலையில் தோல் வாங்கி வந்தேன். காயவைத்தேன், நொறுக்கினேன், டிரம்மில் நிரப்பினேன். மேலே பச்சையாக ஊற்றிய தண்ணீர் கீழே கிட்டத்தட்ட நிறமில்லாமல் சொட்டியது. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். பிறகு அந்தத் தோலை அள்ளி வெயிலில் உலர்த்தி, மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். அன்று சாயங்காலம் பின்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்.

"ஏங்கண்ணா, அந்தக் கெழங்குத் தோலு சும்மாதான கெடக்குது? மாட்டுக்கு எடுத்துக்கட்டுங்களா?"

"தாராளமா எடுத்துக்குங்கக்கா" என்றேன். என் பெரிய மனசு எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் காலை மச்சானுக்குப் போன் போட்டு வெற்றியைச் சொன்னேன். தோல் வீணாகவில்லை, மாட்டுக்குப் போய்விட்டது என்பதையும் சொன்னேன்.

"மாமா, தின்னுடும்னா செரிச்சிடும்னு அர்த்தமா? நிக்கலு எங்கயும் போவல. தண்ணியில இருந்தது இப்ப தோல்ல ஒட்டிட்டு இருக்குது. போன வெச்சிட்டு மொதல்ல மாட்டப் பாருங்க!"

அந்த மாட்டின் பாலில்தான் அன்று இரண்டு டம்ளர் காபி குடித்திருந்தேன். நிக்கல் காந்தத்தில் ஒட்டுமே என்று பட்டறைக் காந்தத்தை எடுத்து வயிற்றில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நிம்மதியாகி நாலு அடி வைத்த பிறகுதான் மாட்டின் ஞாபகம் வந்தது. முழங்கை வரைக்கும் ரப்பர் உறை மாட்டியிருந்த கையோடு ஓடினேன்.

"என்னாங்கண்ணா, உறையெல்லாம் போட்டுக்கிட்டு ஓடியாறீங்க? பிரசவம் பாக்கறதுக்கா? அது போன மாசமே கன்னு போட்டுடுச்சிங்களே."

"மூட்டை... மூட்டை எங்கக்கா?"

"அத ஏன் கேக்கறீங்க? இப்பத்தான் தொட்டியில கொட்டுனேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சி. குடுக்கறதுதான் குடுக்கறீங்க, நல்ல தோலாக் குடுக்கக் கூடாதுங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் சிரிப்பு போய்விட்டது.

"வெசத்த மூட்ட கட்டி வாசல்ல வெச்சிருப்பாங்களா? நான் கேட்டப்ப வாயில என்னா வெச்சிருந்தீங்க? இது செத்துப்போனா எங்க வூட்டு அடுப்பு எப்படிங்க எரியும்?"

தொட்டியில் தலையைவிட்டுக் கடைசித் துணுக்கு வரை பொறுக்கினேன். மாடு என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தொட்டியைக் கழுவினேன். கழுவிய தண்ணீரிலும் நிக்கல் இருக்குமே! அதையும் வாளியில் பிடித்துக்கொண்டு, மூட்டையும் கையுமாகத் தெருவில் திரும்பினேன்.

குப்பை வண்டிக்காரம்மாவிடம் நீட்டினேன். "மக்குற குப்பையா, மக்காத குப்பையாங்க?" என்றார். தோல் மக்கும், அதில் ஒட்டியிருப்பது மக்காது என்றேன். அவர் விசிலை ஊதிவிட்டுப் போய்விட்டார். மச்சானைக் கேட்டால், இந்த மாதிரிக் கழிவை வாங்குகிற இடமே தனி, அதற்கு எழுதிப் போட வேண்டும் என்றான். "இத அன்னைக்கே சொல்றதுக்கென்னடா?" என்று கத்தினேன். "அன்னைக்கு நீங்க கேக்கலியே மாமா" என்றான். எழுதிப் போட்டேன். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனது என்று திரும்பி வந்தது. கையெழுத்தைப் போட்டு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, மாட்டுக்கு ஒன்றும் இல்லை என்றார். அது அந்தத் தோலில் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. மூட்டையும் வாளித் தண்ணீரும் மூடி போட்ட டிரம்மில் என் பட்டறையிலேயே இருக்கின்றன. எடுத்துப்போக இன்னும் யாரும் வரவில்லை.