குன்னூரில் மேற்கு

குன்னூர் எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் ஹபிபுல்லா பாய் ஒரே பதில்தான் சொல்வார். "அங்க சூரியன் கெடையாது." மலை, அருவி, தேயிலை பற்றி ஒரு வார்த்தை வராது. வெயிலுக்குப் பயந்து துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிற ஊரைக் காசு செலவில்லாமல் பார்த்துவிட்டு வந்தவர் இப்படிப் பேசினால் எரிச்சல் வராதா? பூந்தமல்லி கடைத்தெருவில் அவருடைய மெத்தைக் கடைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிற எனக்கு வந்தது. பிறகுதான் விஷயம் தெரிந்தது.

யுத்தத்துக்கு முந்தைய ஒரு ஆடி மாதம். குன்னூருக்குக் கொஞ்சம் கீழே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரின் பங்களாவில் மெத்தையெல்லாம் ஈரத்தில் பூஞ்சை பூத்துப்போய், புதிதாகத் தைக்கப் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் மனைவி வஹீதுன்னிசா அப்போது நிறைமாதம். முன்பு பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. "அஞ்சு வேளையும் உனக்காக துஆ கேக்கறேன், பயப்படாத" என்று சொல்லிவிட்டு, மனமில்லாமல்தான் ரயில் ஏறினார்.

போன இடத்தில் ஒரே பனிமூட்டம். எதிரே இருக்கிற தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. தொழ எழுந்தவருக்கு மேற்கு எந்தப் பக்கம் என்று புரியவில்லை. மேற்கே இருக்கிற மக்காவைப் பார்த்து நிற்காமல் கேட்கிற துஆ எங்கே போய்ச் சேரும்? பங்களா சமையற்காரன் மணவாளன் நம் மேனாம்பேட்டுக்காரன்தான். அவனைக் கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும் பாய்? நானே சூரியனப் பாத்து மாசமாவுது."

நம் பக்கத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. அம்பத்தூர், ஆவடி தாண்டி ரயில் நூல் பிடித்த மாதிரி மேற்கே ஓடும். பாய் அதை நம்பினார். மெட்ராஸிலிருந்து மேற்கே பார்த்துத்தானே வந்தோம். பங்களாவுக்குக் கீழே மலை ஏறுகிற ரயில் எந்தப் பக்கம் போகிறதோ, அதுதான் மேற்கு. ரயில் சத்தத்தைக் கேட்டுத் திசையை முடிவு செய்து, தொழுகை விரிப்பைப் போட்டு, மனமுருகத் தொழுதார்.

ஒருநாள் அஸர் தொழுகையில் நின்றபோது திடீரென்று பனி விலகியது. சாயங்கால வெயில் முகத்தில் அல்லவா விழ வேண்டும்? முதுகில் சுட்டது.

"ரயில் பாதை மலையச் சுத்திகினு இல்ல போவுது" என்றான் மணவாளன்.

பாய்க்குக் கை கால் ஓடவில்லை. திசை தப்பித் தொழுததையெல்லாம் திரும்பத் தொழுவதா, தைப்பதா? ஈரத்தில் பஞ்சும் அடிக்க அடிக்க எழும்பாமல் அவரைப் படுத்தியது. வேலையை எப்படியோ முடித்துவிட்டு ஓடி வந்தார்.

வீட்டில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மனிதர் அழுதுவிட்டார். ஆனால் வெயில் அடித்த நாளுக்கு முந்தைய நாளே குழந்தை பிறந்துவிட்டது என்று கேட்டதும் குழப்பம் இரட்டிப்பானது. முதுகைக் காட்டிக் கேட்ட துஆவா பலித்தது?

போய்க் கேட்டதற்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத், "தேடிப் பாத்துதான நின்னீங்க? அந்தத் தொழுகை கூடும், செல்லும்" என்றார். இவர் விடவில்லை. என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நான் எங்க அண்ணாத்தே தேடினேன்? ரயில இல்ல நம்பினேன். அது கூடலன்னா கொழந்த எப்படிப் பொழச்சிது? நீயே சொல்லு."

எண்ணெய் விற்கிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தினமும் இதே பாட்டு. ஒருநாள் பொறுக்காமல், "ஊட்ல போயி கேளு பாய்" என்று சொல்லிவிட்டேன். வாஸ்தவமாகவே போய்க் கேட்டிருக்கிறார்.

குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்த வஹீதுன்னிசா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

"நீங்க மட்டுந்தான் கேட்டீங்கன்னு நெனச்சிகினு கீறீங்களா? வலி எடுக்கற வரிக்கும் நானுந்தான் கேட்டேன். இங்க மேற்கு இருந்த எடத்துலயேதான கீது."