ஆறேகால் அங்குல கிளச் பிளேற்

சூசையின் மொறிஸ் மைனர் புங்குடுதீவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுபோனது ஒரு வியாழக்கிழமை. உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி, இறுப்பிட்டியில் இருந்த என் கராஜுக்கு இழுத்துவந்தான். எஞ்சின் ஓடியது, கியர் விழுந்தது, கார் மட்டும் அசையவில்லை. கிளச் பிளேற் தேய்ந்துபோனது பொனற்றைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

அது எண்பத்தெட்டாம் ஆண்டு. சூசை ஹயர் ஓடுபவன், வாடகைக்குக் கார் ஓட்டுவதுதான் பிழைப்பு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நீர்கொழும்பில் அவளுடைய தமையன் வீட்டுக்கு முன்னமே போய்விட்டார்கள். அடுத்த வியாழன் அவளுக்கு வயிற்றில் ஒப்பரேஷன். அதற்கு முன் அவன் அங்கே நிற்க வேண்டும். காரோடு போனால்தான் அங்கே பிழைப்பு. திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மனைவி இறந்து இரண்டு வருடம், பிள்ளைகள் இல்லை. ஹயர் இல்லாத பின்னேரங்களில் சூசை வந்து என் உடைந்த கதிரையில் இருந்து ஊர்க்கதை அளப்பான். பாதி பொய். அந்தப் பொய்களைக் கேட்கவே நாலு மணிக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றி வைப்பேன். அவன் வராத நாட்களில் இரண்டையும் நானே குடிப்பேன்.

தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மைனர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. முந்திய மொடல்களில் சின்ன எஞ்சின், அதற்குக் கிளச் பிளேற் ஆறேகால் அங்குலம். அறுபதுகளில் பெரிய எஞ்சின் வந்தது, அதற்கு ஏழேகால். வெளியே பார்த்தால் இரண்டு காரும் ஒன்றுதான். தீவுக் கார்களில் பதிவுப் புத்தகத்தில் உள்ள வருடத்தையும் நம்ப முடியாது, ஒன்றின் எஞ்சின் இன்னொன்றில் ஏறியிருக்கும். அதனால் பழைய பிளேற்றைக் கழற்றி, சாக்கில் சுற்றி, யாழ்ப்பாணம் போகிற பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். கடைக்காரர் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் புதியதை அனுப்புவார். பத்தொன்பது வருடம் நான் இப்படித்தான் செய்தேன்.

அன்று மட்டும் ஒரு கடதாசித் துண்டில் “மைனர், 1959” என்று எழுதிக் கொடுத்தேன். கழற்றிக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும் என்று சூசைக்குச் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் காருக்குள் பெரிய எஞ்சினைக் கியர் பொக்ஸோடு ஏற்றியவன் நான். நாலு வருடத்துக்கு முன், கராஜ் வாசல் பூவரசில் செயின் புளொக் கட்டி, சூசை ஒரு பக்கம் பிடிக்க ஏற்றினேன். எழுதும்போது அது நன்றாக ஞாபகத்தில் இருந்தது.

வெள்ளியும் சனியும் இரண்டு பேருமாக எஞ்சினை இறக்கினோம். அவன் என்னோடுதான் சாப்பிட்டான். மனைவி போனபின் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததில்லை. சனி பின்னேரம் புது பிளேற் வந்தது. பழையதன் மேல் வைத்தேன். சுற்றிவர அரை அங்குலம் குறைவு.

“இந்த எஞ்சினை ஏத்தினது நீங்களெல்லோ அண்ணை?” என்றான் சூசை.

மறந்துபோச்சு என்றேன். வயது போகுதுதானே என்று அவன் சிரித்துவிட்டு விட்டான். பழையதைச் சாக்கில் சுற்றிக் கடைசி பஸ்ஸில் அனுப்பினேன். இரண்டு நாள் பிந்தினால் என்ன, திங்கள் சரியானது வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

திங்கள் கொண்டக்டர் பழைய பிளேற்றையே திருப்பிக் கொண்டுவந்தார். ஏழேகால் ஒன்றே ஒன்று கடையில் இருந்ததாம். வெள்ளிக்கிழமை வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம். இனிக் கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை ஆகும். சூசை அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். காரை உங்களிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன், அங்கே போய்க் கூலி வேலை ஏதும் பார்க்கலாம் என்றான். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

பின் கொட்டிலில் என்னுடைய மைனர் நின்றது. அறுபத்துநாலாம் மொடல், ஏழேகால் பிளேற். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வரவென்று வாங்கியது. அவள் போனபின் ஞாயிறுகளில் பாலம் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்புவேன், வேறு போக்கிடம் இல்லை. அந்தப் பிளேற் சூசையின் காருக்குப் பொருந்தும் என்று சனிக்கிழமையே தெரியும். கொட்டில் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னேன்.

“நான் மறக்கேல்லை சூசை. தெரிஞ்சுதான் எழுதினனான்.”

“ஏன் அண்ணை?”

“நீர் போனா இஞ்சை என்னோடை கதைக்க ஆளில்லை. ரெண்டு நாள் பிந்தட்டும் எண்டு நினைச்சன்.”

அவன் எண்ணெய்க் கையைக் கந்தலில் வெகுநேரம் துடைத்தான்.

“கேட்டிருந்தா ரெண்டு நாள் நிண்டிருப்பன்,” என்றான். “கிளச் நல்லா இருந்தாலும் நிண்டிருப்பன்.”

அவன் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். செவ்வாய் முழுக்க இரண்டு பேரும் அதிகம் கதைக்காமல் என் காரின் பிளேற்றைக் கழற்றி அவன் காரில் பூட்டினோம். புதன் காலை அவன் வெளிக்கிட்டான். நான் ஒழுங்கையில் நின்று காரின் சத்தத்தைக் கேட்டேன். முதல் கியர், இரண்டாவது, சந்தியில் மூன்றாவது. ஒரு உதறல் இல்லை. வேலை சரியாக இருந்தது.

கிளச் பிளேற் வாங்க ஆள் அனுப்புகிறவர்கள் பழையதைக் கையில் கொடுத்துவிடுங்கள். வருடத்தை எழுதி அனுப்பாதீர்கள். யாரையாவது இரண்டு நாள் மறிக்க வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்.

என் மைனர் கிளச் இல்லாமல் கொட்டிலிலேயே நின்றது. கொழும்பிலிருந்து பிளேற் எடுப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறேகால் அங்குலத்தை ஆணியில் கொழுவினேன். தீவை விட்டு நானும் வெளிக்கிடும் மட்டும், அதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.